படகு இல்லாத படகுப் போட்டிப் படம்

எதிர் வீட்டு மாடி அறைக்கு ஹில்டா பென்ஃபோல்ட் குடிவந்த அன்றைக்கே, அவள் பெட்டியில் துணியைவிடக் காகிதம்தான் அதிகம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. வண்டிக்காரன் இறக்கும்போது பெட்டி வாயைப் பிளந்துகொண்டது; நான் தற்செயலாக வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், அன்று மூன்றாவது முறையாக.

முதல் உலகப் போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கல்யாணமாகாத பெண்கள் தனியாக அறை எடுத்துக்கொண்டு தட்டச்சு அடிக்கப் போவது லண்டன் ஹாமர்ஸ்மித்தில் யாருக்கும் புதிதில்லை. ஆனால் படம் போட்டுப் பிழைக்கிறேன் என்று வந்தவள் எங்கள் வாட்டர்மேன் தெருவுக்கு இவள் ஒருத்திதான். பூமிக்கடியில் ரயில் விடுகிற கம்பெனி நடைமேடைச் சுவரில் ஒட்டுகிறதே, 'ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குப் போங்கள், பூ பூத்திருக்கிறது, பார்க்க வாருங்கள்' என்று, அந்தச் சுவரொட்டிகள்தான் அவள் குறி. அதுவரைக்கும் ஒன்றுகூட அவள் கையால் போட்டது சுவர் ஏறவில்லை. கம்பெனியின் விளம்பர அலுவலகத்துக்கு ரஃப் கொண்டு போவாள், திரும்பக் கொண்டு வருவாள். ரஃப் என்றால், பெரிய படம் போடுவதற்கு முன்னால் சின்னக் காகிதத்தில் வண்ணம் தீற்றிக் காட்டுவது. அது பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

கிறிஸ்துமஸுக்கு அவள் அண்ணன் எர்னஸ்ட் வந்திருந்தார். ரெடிங்கில் பிஸ்கட் ஆலையில் மேஸ்திரி. மனைவியைப் பறிகொடுத்தவர், மூன்று பிள்ளைகள். அவர் வந்திருந்த சமயம் பார்த்து நான் ஒரு ஜாடியைத் திருப்பிக் கொடுக்க எதிர் வீட்டு மாடிப்படி ஏறினேன். ஜாடி என்னுடையதா அவளுடையதா என்பது இப்போது முக்கியமில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன், ஹில்டா," என்றார் எர்னஸ்ட். "அதுக்குள்ள உன் படம் ஒண்ணாவது ஏதாவது ஒரு ஸ்டேஷன் சுவத்துல இருக்கணும். இல்லேன்னா பெட்டியக் கட்டிட்டு ரெடிங் வந்துடணும். புள்ளைங்களுக்கு சமைக்க ஆள் வேணும். நீ இங்க பொம்மை போட்டுக்கிட்டு இருக்கே."

"சரி," என்றாள் ஹில்டா.

"சரின்னா?"

"சரின்னா சரி. சுவத்துல இருக்கும்."

குரலை உயர்த்தக்கூட இல்லை. அழுவாள், நாம் போய்த் தேற்றலாம், அப்படியே நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று நின்றிருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஜனவரியில் அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வசந்தத்தில், ஈஸ்டருக்குச் சற்று முன்னால் நடக்கும் படகுப் போட்டிக்கு ஒரு ரஃப் வேண்டும். இன்னொருவரிடமும் கேட்டிருக்கிறார்கள், அவர் பெயர் பெற்ற ஆள். எது நன்றாக இருக்கிறதோ அது.

எங்கள் தெருவில் படகுப் போட்டி என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் வருஷா வருஷம் எங்கள் தேம்ஸ் ஆற்றில் படகுவிட்டு மோதும்; ஆக்ஸ்ஃபர்டுக்குக் கருநீலம், கேம்பிரிட்ஜுக்கு இளநீலம். இந்த இரண்டு பல்கலைக்கழகத்தின் வாசல்படியையும் எங்கள் தெருவில் ஒருத்தன் மிதித்ததில்லை. இருந்தாலும் என் புருஷன் ஆல்ஃப் பிறந்ததிலிருந்து கருநீலம். மதுவடிக்கும் ஆலையில் பீப்பாய் உருட்டுகிறவருக்கு அங்கே என்ன சொந்தமோ எனக்குத் தெரியாது. மூலையில் மீன்கடை வைத்திருக்கும் டிக் ஹாப்லி இளநீலம். போட்டி நெருங்கும் மாதங்களில் இளநீலக்காரர்களுக்குத்தான் நல்ல ஹாடக் மீன் எடுத்து வைப்பான். நான் வீட்டில் கருநீலம், மீன்கடையில் இளநீலம். குடும்பம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

ஹில்டாவின் வேலை முறை ஒன்று உண்டு. நடைமேடையில் நிற்கிறவன் படத்தைப் பார்ப்பது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு; படம் அந்தப் பக்கச் சுவரில். அதனால் ரஃப் முடிந்ததும் தெருவைத் தாண்டி வந்து என் வீட்டு இரும்பு வேலிக்கம்பியில் அதைக் கிளிப் போட்டு மாட்டுவாள். பிறகு தன் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு பார்ப்பாள். ரயில் வருவதற்குள் புரிய வேண்டும், அதுதான் கணக்கு. புரியவில்லை என்றால் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

முதல் படகுப் போட்டி ரஃப்பை மாட்டிய காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். பாலத்தின் மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் ஆறு, இரண்டு படகு. இளநீலப் படகு ஒரு படகு நீளம் முந்திக்கொண்டு போகிறது. அழகாகத்தான் இருந்தது. நான் உள்ளே போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வருவதற்குள் வேலியருகே கூட்டம்.

"யாரு இந்த அக்கிரமத்தப் பண்ணினது?" என்று ஆல்ஃப் கத்தினார். "என் வீட்டு வேலியில, என் கண்ணு முன்னாடி, கேம்பிரிட்ஜ் ஜெயிக்குதா?"

"உள்ளதப் போட்டிருக்கா பொண்ணு," என்றான் டிக், மீன் செதில் ஒட்டிய கையைக் கட்டிக்கொண்டு. "உனக்கு ஏன்யா வயிறு எரியுது?"

ஹில்டா தெருவைத் தாண்டி வந்தாள். "மிஸ்டர் டாப்லிங், நான் எந்தக் கட்சியும் இல்ல. தேம்ஸ் தண்ணி கருப்பு. அதுல கருநீலத்தப் போட்டா தூரத்துலேருந்து கண்ணுக்கே தெரியாது. இளநீலம்தான் பளிச்சுனு தெரியுது. அதான் முன்னாடி வச்சேன்."

"தண்ணியக் கழுவிட்டுப் போடு!" என்றார் ஆல்ஃப்.

அவள் படத்தைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அங்கே நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை; ஆனால் சாயங்காலம் இரண்டு கோப்பைத் தேநீருக்குள் வரிவரியாகக் கறந்துவிட்டேன். விளம்பர அலுவலகத்தில் மிஸ்டர் லாத்தம் என்று ஒருவர். மெலிந்த ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டுதான் படம் பார்ப்பாராம்.

"'யார் ஜெயிக்கறான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா மிஸ் பென்ஃபோல்ட்?'னு கேட்டாரு," என்றாள் ஹில்டா. "கம்பெனிக்குக் கட்சி கிடையாதாம். ரெண்டு பக்கத்து ஆளுங்களும் ரயில் ஏறணுமாம். கருநீலக்காரன் இந்தப் படத்தப் பாத்தா கோவத்துல டிராம்ல போயிடுவானாம்."

"ஆல்ஃப் நடந்தே போயிடுவாரு."

"எனக்குத் தோணியிருக்கணும், மிஸஸ் டாப்லிங். வண்ணத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் கை புதுக் காகிதத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ரஃப்பில் இரண்டு படகும் சமமாகப் போயின. வேலியில் மாட்டியதும் ஆல்ஃப் ஒரு நூல்கண்டு கொண்டுவந்தார். இந்தப் படகின் மூக்கிலிருந்து காகித ஓரம் வரைக்கும் நூலைப் பிடித்து, அந்தப் படகின் மூக்குக்கும் பிடித்தார்.

"பாத்தியா! இளநீலம் ஒரு மயிரிழை முன்னாடி!"

"நூல இழுத்துப் பிடிச்சா எதுவும் முன்னாடிதான் தெரியும்," என்றான் டிக். "நூல விடுய்யா, படம் கிழியப் போகுது. அந்தப் பக்கத்துப் படகு பார்வைக்குச் சின்னதாத் தெரியுது, அதான். ஏன் மிஸ், அது எங்க படகுதானே? எதுக்கு எங்களத் தூரத்துல தள்ளியிருக்கீங்க?"

தெருவின் அந்தப் பக்கம் நின்றிருந்த ஹில்டா இவர்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. தலையைச் சாய்த்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துப் போச்சு," என்றாள் கடைசியில். "டிராயர்ல ரெண்டு ஸ்பூன் கிடக்கற மாதிரி இருக்கு."

மிஸ்டர் லாத்தமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம். மற்ற ஓவியர் தன் ரஃப்பைக் கொடுத்துவிட்டாராம். "உங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கு மேல அச்சுக்காரங்க காத்திருக்க மாட்டாங்க," என்றாராம். இதைச் சொல்லும்போது ஹில்டாவின் முகம் வெளுத்திருந்தது. அண்ணன் பிள்ளைகளின் சட்டையையெல்லாம் துவைக்கிறாற்போல் கனவு வருவதாகச் சொன்னாள்.

"அப்படிப் பெரிய கொடுமையா அது?" என்று கேட்டேன். "சொந்தப் புள்ளைங்கதானே."

"புள்ளைங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு தடவை போயிட்டா அவ்வளவுதான். கடைசிப் புள்ள பெருசாகறதுக்குள்ள எனக்கு பிரஷ் பிடிக்கத் தெரியாது." எழுந்தாள். "போக மாட்டேன். சும்மா சொல்லல. போக மாட்டேன்."

ரஃப் வேலியில் தொங்காத நாளிலும் சண்டை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. போட்டிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்க, எங்கள் தெருவில் எல்லாரும் ரிப்பனை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆல்ஃப் என் தொப்பியில் கருநீல ரிப்பனைத் தன் கையாலேயே குத்திவிட்டார். அதே காலையில் மீன்கடையில் டிக், பொட்டலத்தோடு ஓர் இளநீலப் பூமுடிச்சையும் நீட்டினான். தொப்பியை முன்கூட்டியே கூடைக்குள் போட்டிருந்ததால் தப்பித்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் ஆல்ஃபுக்காகத் தொப்பியைத் தலையில் வைத்தேன்; பூமுடிச்சு இன்னும் கையிலேயே இருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஆல்ஃபும் டிக்கும் என் வேலியருகே, அங்கே இல்லாத படத்தைக் கைகாட்டிக் கைகாட்டி வாதாடத் தொடங்கினார்கள். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. நான் நடுவில். முன்னால் ஆல்ஃப், பக்கத்தில் டிக். தொப்பியில் கருநீலம், அதை டிக் பார்க்கக்கூடாது. கையில் இளநீலம், அதை ஆல்ஃப் பார்க்கக்கூடாது. தலையை டிக்குக்கு மறுபக்கம் சாய்த்துக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூமுடிச்சை இறுகப் பிடித்தபடி, "அதானே, அதானே," என்று இருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் முதுகுப் பக்கம் எதிர் வீடு என்பதை யோசிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஹில்டா வந்தாள். கதவைச் சாத்தி, சமையலறை மேசையில் ஒரு காகிதத்தை விரித்தாள்.

ஆறு இல்லை. படகு இல்லை. பாலத்துக் கைப்பிடி ஓரத்தில் நிற்கிற ஜனங்களின் முதுகுகள். தொப்பிகள், குடைகள், அப்பாவின் தோளில் ஒரு குழந்தை. எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ எக்கிப் பார்க்கிறார்கள். நட்டநடுவில் ஒரு பெரிய முதுகு. அந்த அம்மாள் தொப்பியில் கருநீல ரிப்பன் கொடிபோலப் பறக்கிறது. முதுகுக்குப் பின்னால் மடக்கிய கையில், யாருக்கும் தெரியாமல் ஓர் இளநீலப் பூமுடிச்சு.

"இது யாரு?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"நீங்கதான்."

"நான் இவ்வளவு அகலமா?"

"கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டிருக்கேன், மிஸஸ் டாப்லிங்."

அந்தக் கணம் அவளை விளக்குமாற்றால் அடித்திருப்பேன். ஆனால் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சமையலறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தேன். முதலில் கருநீலம் கண்ணில் பட்டது, உடனே இளநீலம், அப்புறம் அந்தக் கை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது.

"ஆல்ஃப் பாத்தா என்னாகும்? டிக் பாத்தா எனக்கு இனிமே மீன் தருவானா?"

"பாப்பாங்க. லண்டனே பாக்கும்." அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள். "அதான் கேக்க வந்தேன். மேல்கோட்டப் பச்சையா மாத்திடறேன், தலைமுடிய மாத்திடறேன். தொப்பியக்கூட விட்டுக்கொடுப்பேன். ஆனா கைய மாத்த மாட்டேன். கை போனா படம் போச்சு."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"வேற ஒரு உடம்புல இதே கையப் போடுவேன். உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு அப்புறம் யோசிச்சுக்குவேன்." காகிதத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். "ஆனா அது இவ்வளவு நல்லா இருக்காது. இது உண்மையா இருக்கு."

கேட்க வந்தாளா, சொல்லிவிட்டுப் போக வந்தாளா என்று எனக்கு விளங்கவில்லை. இந்தத் தெருவில் அடுத்தவர் சங்கதியை இத்தனை வருஷம் நான் சந்திக்கு இழுத்திருக்கிறேன். ஒருநாளும் ஒருத்தரிடமும் அனுமதி கேட்டதில்லை. இவளாவது கேட்கிறாள்.

"தொப்பி இருக்கட்டும்," என்றேன். "நல்ல தொப்பி அது. கோட்ட மட்டும் மாத்து."

"அப்போ கொஞ்சம் திரும்பி நில்லுங்க. விரல் சரியா வரல."

ஆக, என் சொந்தச் சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு, கையை மடக்கி நின்றேன். உருளைக்கிழங்கு தீய்ந்து வாசனை வந்தது. "அசையாதீங்க!" என்றாள். அசையவில்லை. அன்று ஆல்ஃபுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் லாத்தம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினாராம், இறக்கினாராம், மறுபடி ஏற்றினாராம். பிறகு பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டாராம். சிரித்தார்களாம்.

"ஆனா மிஸ் பென்ஃபோல்ட், படகு எங்க? ஓரத்துல சின்னதா ரெண்டு படகு வச்சா என்ன? படகுப் போட்டிதானே இது."

இங்கேதான் அவளை நான் மெச்சுகிறேன். வாசல் வரைக்கும் வந்த அதிர்ஷ்டத்திடம் நானாக இருந்தால் 'வச்சுடறேன் ஐயா' என்றிருப்பேன். அவள் சொன்னாளாம்:

"வைக்க மாட்டேன் சார். இவங்க எல்லாம் என்ன பாக்கறாங்கன்னு எக்கிப் பாக்கத் தோணுதில்ல? அத நீங்க படத்துலயே காட்டிட்டா, பாக்கறவன் எதுக்கு ரயில் டிக்கெட் எடுக்கணும்?"

மிஸ்டர் லாத்தம் மற்ற ஓவியரின் ரஃப்பை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினாராம். இதை ஹில்டா சொல்லும்போது நான் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் அது சுவர் ஏறியது. ஹாமர்ஸ்மித் நிலையத்தில் ஆல்ஃப் வேலை முடிந்து வரும்போது பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது உன் தொப்பி."

"அந்த மாதிரி தொப்பி ஆயிரம் பேர்கிட்ட இருக்கு."

"உன் முதுகும் ஆயிரம் பேர்கிட்ட இருக்கா?" கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "இத்தன வருஷமா நம்ம வீட்டு ஹாடக் எப்படி அவ்வளவு நல்லா இருந்துச்சுனு இப்பத்தான் புரியுது." பிறகு ஆலையில் எல்லாரிடமும் அது தன் மனைவிதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். டிக்தான் மோசம். கொஞ்ச காலம் எனக்கு வால் துண்டாகவே பார்த்துப் பொட்டலம் கட்டினான்.

போட்டி நடந்த சனிக்கிழமை எர்னஸ்ட் வந்தார். தங்கை சொல்லி அனுப்பியதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது. அவளுக்கும் சேர்த்து ரெடிங்குக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டே வந்திருந்தார். "காட்டு பாக்கலாம்," என்றார். ஹில்டா அவரை நிலையத்துக்கு அழைத்துப் போனாள். எனக்கும் அன்று நிலையத்தில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பது இப்போது நினைவில்லை.

நடைமேடை முழுக்க ஜனம், ரிப்பன், குடை. எதிர்ச் சுவரில் என் முதுகு. பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் அந்தக் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் தோழியின் முதுகுக்குப் பின்னால் போய் அதே மாதிரி கையை மடக்கி நின்று காட்டினாள்.

எர்னஸ்ட் நெடுநேரம் பார்த்தார்.

"படகு எங்க?"

"ஆத்துல," என்றாள் ஹில்டா.

"ம்." தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா போட்டி இன்னியோட முடியுது. நாளைக்கு இத உரிச்சு வேற எதையாவது ஒட்டுவான். அப்புறம்?"

"ஜூனுக்கு மிருகக்காட்சிசாலை ரஃப் கேட்டிருக்காங்க."

"அதுவும் உரிப்பான்."

"உரிக்கட்டும். அடுத்தத நான் போடுவேன்."

"புள்ளைங்க உன்னக் கேக்கறாங்கம்மா," என்றார் அவர். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நல்ல மனுஷர்தான், சட்டைக் காலர் சரியாக இஸ்திரி ஆகாமல் ஒரு பக்கம் மடிந்திருந்தது.

"கோடையில ஒரு வாரம் வரேன் அண்ணா. அவங்களோட ஆத்துல விளையாட வரேன். சமைக்க இல்ல. சமைக்கறதுக்கு ஆள் வைங்க. உங்களுக்கு முடியும்."

"பேச்சுனா பேச்சுதானா?"

"ஈஸ்டருக்குள்ள சுவத்துல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. இருக்கு."

ரயில் வந்தது. கூட்டம் இறங்கி, கூட்டம் ஏறியது. எர்னஸ்ட் அவளுக்கு எடுத்த டிக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினார். ஜன்னல் வழியாகக் கையாட்டினார். அவளும் ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததா என்று நான் நன்றாகவே உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

ரயில் விலகிப் போக, எதிர்ச் சுவர் மறுபடி தெரிந்தது. ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைமேடை ஓரம் வரைக்கும் போனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நான் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"குடையப் பாருங்க மிஸஸ் டாப்லிங். செங்கல் சிவப்பு கேட்டேன். கருப்பக் கலந்து காப்பிக்கொட்டையாட்டம் பண்ணி வச்சிருக்கான் அச்சுக்காரன்."

"எனக்கு நல்லாத்தானே தெரியுது."

"தெரியாது. அந்தச் சிவப்பு இருந்திருந்தா உங்க கை இன்னும் முன்னாடி வந்திருக்கும்." கைப்பையை மூடினாள். "திங்கக்கிழமை காலையில அச்சகத்துக்கே போறேன். மிருகக்காட்சிசாலைப் படத்துல வரப்போற கிளிக்கு சிவப்பு கலக்கும்போது நான் பக்கத்துலயே நிக்கப் போறேன். வெளிய போன்னு சொல்லிப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். போட்டியைப் பார்க்கக்கூட நிற்கவில்லை, வேலை இருக்கிறதாம்.